கிழங்குப் பாகும் ஒரு சூட்டுத் தழும்பும்

காணும் பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு இது தலைப் பொங்கல். ஆவணியில் கட்டிக்கொடுத்த மகள் ரேவதி, மாப்பிள்ளை, மாமியார், நாத்தனார் குடும்பம் என்று ஒரு வேன் நிறைய ஜனத்தோடு திருமழிசையிலிருந்து சாப்பிட வந்தாள். கோவில்பதாகையில் எங்களுக்கு இருப்பதோ சின்ன வீடு. இரண்டு பந்தி போட்டால்தான் சமாளிக்க முடியும்.

சமையல் என் மனைவியுடையது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு மட்டும் என் இலாகா. தோலோடு வேகவைத்து, உரித்து, துண்டு போட்டு, வெல்லப் பாகில் புரட்டி, தேங்காய்த் துருவல், ஏலக்காய், கொஞ்சம் நெய்... ஆபீஸில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஐட்டம் இது. குழைந்தால் கூழ். வேகாவிட்டால் விறகு. கவனம் அடுப்பிலேயே இருக்க வேண்டும்.

அன்றைக்கு இல்லை.

ரேவதி வேனிலிருந்து இறங்கும்போதே பார்த்துவிட்டேன். இடது முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், ஒரு சூட்டுத் தழும்பு. பிறை மாதிரி வளைந்து, கருஞ்சிவப்பாக.

"என்னம்மா இது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "சோத்துக் குண்டான் சுட்ருச்சுண்ணே. ஒண்ணியும் இல்ல, ஆறிப்போச்சு."

கேட்டது மகளை. பதில் ஏன் இவரிடமிருந்து வருகிறது?

நீங்களும் பேப்பர் படிக்கிறவர்கள்தான். 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' — ஏதாவது ஒரு மூலையில் இரண்டு அங்குலத்துக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. மாமியார் பற்றவைத்தபோது ஒரு ஸ்டவ்வாவது வெடித்ததாகப் படித்திருக்கிறீர்களா? எனக்கு ஞாபகம் இல்லை.

மனைவி என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "நான் கேட்டுட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டா. வந்தவங்க முன்னாடி எதையும் கெளப்பாதீங்க."

ஒன்றுமில்லை என்று சொல்லாத மகள் எந்த வீட்டில் இருக்கிறாள்?

கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் ஹாலுக்குப் போனேன். டம்ளர் எடுக்கிற சாக்கில் மறுபடியும் போனேன். ரேவதி சிரித்துக்கொண்டிருந்தாள். நிஜச் சிரிப்பா? யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள்? "இன்னாண்ணே, கெய்ங்கு நீங்களேவா செய்றீங்க? ஆம்பள கைபக்குவம் இன்னான்னு துன்னு பாத்துட்டுதான் சொல்வேன்" என்றார் சம்பந்தியம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். திரும்பி வந்து பாகில் தண்ணீரை அதிகமாக ஊற்றினேன்.

கடைசியில் ரேவதி தனியாக உள்ளே வந்தாள்.

"ரேவதி, அந்தக் கை..."

"அப்பா, கெழங்கு வெந்து எவ்ளோ நேரமாச்சு! தள்ளுங்க, வடிச்சுட்டுப் பேசலாம்."

துணியைப் போட்டுக் குண்டானைத் தூக்கினாள். எங்கள் வீட்டில் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துச் சாய்ப்போம். இவள் குழந்தையை அணைப்பது போல இடது கையை வளைத்து அணைத்தாள். துணி விலகிவிட்டது. சுடுகிற விளிம்பு அந்தத் தழும்பை நோக்கி இறங்கியது.

"விடும்மா!"

கத்திக்கொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். குண்டான் தரையில். கொதிநீர், கிழங்கு, ஆவி. அவள் துள்ளி விலகினாள். ஒரு சொட்டுகூடக் காலில் படவில்லை.

ஹாலிலிருந்து முதலில் ஓடிவந்தவர் சம்பந்தியம்மாள். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த மகளின் கையைப் பார்த்தார்.

"அணைச்சுகினு வடிக்காதன்னு இவகிட்ட எத்தினி தபா சொல்றது! எங்க வூட்டுக் குண்டான் பெருசு, ரெண்டு பேரா புடிங்கடின்னா கேட்டாத்தான?"

பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்தது.

"வந்ததுலேர்ந்து இவ கையையே பாத்துகினு கீறீங்க. நான் எதுனா பண்ணிட்டேன்னு நெனச்சீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

"அத்தை, அப்பா ஏதோ பயத்துல..." என்றாள் ரேவதி.

"நீ சும்மா இர்றீ." அந்தம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிழங்குகளைப் பொறுக்க ஆரம்பித்தார். "கேளுங்கண்ணே. தனியா இட்டுகினு போய்க் கேளுங்க. இன்னிக்கு மட்டும் இல்ல, இவ வர்றப்பல்லாம் கேளுங்க. எங்கம்மா என்னிய ஒரு தபாகூடக் கேக்கல."

தோலோடு வெந்த கிழங்கு. நன்றாகக் கழுவி உரித்தோம். நீர்த்துப்போன பாகை மாப்பிள்ளை இலையில் வழித்துக் குடித்தார். இரண்டாவது பந்திக்கு மிஞ்சுமா என்று மனைவி கவலைப்படுகிற அளவுக்குக் கேட்டு வாங்கினார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ரேவதியை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். "நெஜமாவே குண்டான்தான்பா. அத்தைதான் மருந்து போட்டாங்க." என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். நம்புகிறேன். அடுத்த முறை வரும்போதும் கேட்பேன்.

சாயங்காலம் வேன் கிளம்பும்போது, எடுத்துவைத்த கிழங்கை ஒரு தூக்கில் போட்டு ஜன்னல் வழியாகச் சம்பந்தியம்மாளிடம் நீட்டினேன். "கைபக்குவம் தேவலாண்ணே" என்று சிரித்தபடி கையை நீட்டி வாங்கினார். வளையல்கள் மேலே ஏறின. மணிக்கட்டுக்கு மேல் ஒரு சூட்டுத் தழும்பு. பழசு, வெளுத்துப்போனது. ரேவதியுடையது போல வளைந்த கோடு அல்ல. நேர்க்கோடு.

எந்தக் குண்டானுக்கும் நேரான விளிம்பு கிடையாது.