மேற்கு பார்த்த பதினான்கு ஜன்னல்கள்

மதியம் இரண்டு மணிக்கு நூருல் அமீன் கோணிச் சாக்குகளை வாளித் தண்ணீரில் முக்கி, ஆராய்ச்சிக்கூடத்தின் மேற்கு ஜன்னல்களில் தொங்கவிட ஆரம்பிக்கிறார். பதினான்கு ஜன்னல். கடைசி ஜன்னலுக்குப் போவதற்குள் முதல் சாக்கு காய்ந்துவிடும், மறுபடியும் வாளி. உள்ளே இருப்பவர்களுக்கு அவர் 'சாக்கு பாய்'. உண்மையில் பராமரிப்புப் பிரிவில் கட்டட வரைபடம் போடும் டிராப்ட்ஸ்மேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதினால் அவர் வேலைக்கு உலை, வேண்டாம்.

விளாங்குடியில் என் பக்கத்து வீட்டுக்காரர். வயது ஐம்பத்தாறு. பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். வெயில் எங்கே விழுகிறது என்று பார்ப்பார். பஸ்ஸில்கூடப் போகிற திசையைக் கணக்குப் போட்டு நிழல் பக்கமாகத்தான் உட்காருவார். அவர் பேச்சைக் கேட்டு உட்கார்ந்து நான் ஒரு நாளும் வெந்ததில்லை.

தொண்ணூற்று மூன்றில் அந்தக் கட்டடத்தை வரைந்தவர் அவர்தான். கிழமேற்காக நீளம்; ஜன்னல்கள் தெற்கிலும் வடக்கிலும். உச்சி வெயிலைத் தடுக்க ஜன்னல்களுக்கு மேலே அகலமான மறைப்பு. தெற்கே நுழையும் காற்று வடக்கே வெளியேறும். மின்விசிறிக்கே வேலை இருக்காது. "கரண்டு இல்லாட்டியும் கட்டடம் தானா மூச்சு விடும்ணே" என்பார்.

அடிக்கல் நாட்டும் வாரத்தில் மேலதிகாரி ஒருவர் வந்து, முகப்பு ரோட்டைப் பார்த்து இருக்க வேண்டும் என்றார். ரோடு இருப்பது மேற்கே. புதிதாக வரைய நேரமில்லை. வரைபடத்தின் வடக்குக் குறியை மட்டும் பிளேடால் சுரண்டிவிட்டு, கால் வட்டம் திருப்பிப் போட்டுக் கையெழுத்து வைக்கும்படி உத்தரவு. வேலை அப்போது நிரந்தரமாகவில்லை, வைத்துவிட்டார். கட்டடம் அப்படியே திரும்பி எழும்பியது; தெற்கு ஜன்னல்கள் மேற்கே வந்தன. மேலே நிற்கும் வெயிலுக்குப் போட்ட மறைப்பு சாயும் வெயிலை என்ன செய்யும்? அந்த அதிகாரியைவிட இவர் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அதை நேரிலேயே சொல்லியிருக்கிறேன். "வாயத் தொறந்திருக்கணும்ணே. தொறக்கல" என்றார்.

எழுமலைப் பெண் அழகம்மாள் அங்கே ஆராய்ச்சி மாணவி. கடலைச் செடியின் வேரிலிருந்து, மண்ணுக்கு உரம் சேர்க்கும் நுண்ணுயிர்களை எடுத்து மூன்று வருடமாகக் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்து வந்தாள். போன சித்திரையில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. குளிர்பெட்டி நின்றது. பாய் வீட்டுக்குப் போகாமல் அரை மணிக்கு ஒரு தரம் சாக்குகளை நனைத்துக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் அறைக்குள் வெப்பம் நாற்பத்திரண்டு டிகிரி. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பாய் காய்ச்சலோடு நிற்கிறார் என்று கேள்விப்பட்டு, அன்று மாலை அவரை அழைத்துவரப் போனேன். அழகம்மாள் குழாய்களை ஒவ்வொன்றாக வாளியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அதுதான் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இதை எந்த மகராசன் வரைஞ்சானோ பாய்" என்றாள், தலை நிமிராமல். "வெயில அளந்து உள்ள விட்ருக்கான்."

அவள் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சு அதோடு போயிருக்கும். நூருல் அமீன் சாக்கைக் கீழே வைத்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். வகுப்பில் பெயர் வாசித்ததும் பிள்ளைகள் தூக்குவதுபோல, வலது கையை மெல்லத் தூக்கி, அவள் நிமிர்ந்து பார்க்கும்வரை அப்படியே நின்றார்.