கல்லுளிமங்கி

மருந்துக்கடை வரிசையில் முன்னால் நிற்பவரின் பிடரியைப் பார்த்ததுமே வக்கீலம்மாவுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. உடனே அலமாரியில் இருக்கும் இருமல் மருந்துப் புட்டிகளின் மேல் ஒட்டியிருப்பதை ஒன்றுவிடாமல் படிக்கத் தொடங்குகிறார். அந்த மனிதர் தானாகத் திரும்பி வணக்கம் சொன்னால் இவரும் சொல்வார். அவர் கண்டுகொள்ளாமல் போனால், இவருக்கும் அவர் யாரோ எவரோ. கூட வந்த அண்ணி சும்மா இருப்பாரா?

"யாரு அது?"

"தெரிஞ்சவங்க."

"எப்படித் தெரியும்?"

"முகம் தெரியும்."

அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் பெயராது. இருமல் மருந்தில் இத்தனை அக்கறை கொண்ட ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வயது ஐம்பத்து மூன்று. குடும்ப வழக்குகளும் சொத்து வழக்குகளும் பார்க்கிறார். பல் மருத்துவருக்கும் தையல் மெஷின் பழுதுபார்ப்பவருக்கும் நடுவில், மாடியில் இரண்டு அறைகள். வழக்குக் கட்டுகளின் மேல் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. மேஜையில் எந்தத் தாளும் எழுத்து தெரியக் கிடக்காது. காத்திருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாதென்று குமாஸ்தாவுக்கு உத்தரவு. குமாஸ்தாவுக்கோ கணீரென்ற குரல். "நீலச் சட்டை, உள்ள போங்க" என்று ஒருநாள் கூப்பிட்டபோது மூன்று நீலச் சட்டைகள் ஒன்றாக எழுந்து நின்றன. "பேரச் சொன்னா வாயா சுட்டுடும்?" என்று குமாஸ்தா இன்றுவரை புலம்புகிறார்.

வக்கீல்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதிகள் அச்சிட்ட மெல்லிய புத்தகம் ஒன்று அவருடைய இழுப்பறையில் இருக்கிறது. கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லாதே என்று அதில் போட்டிருக்கிறது. எப்படிச் சொல்லாமல் இருப்பது என்று போடவில்லை. அதை அவர் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டார். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷம், ஒரு விருந்தில் யாரோ அக்கம்பக்கத்தாரைப் பற்றி ஒவ்வொருவராகக் கேட்க, "நல்ல மனுஷன்", "தங்கமானவங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மூன்றாவது பெயர் வந்ததும் வாயை மூடிக்கொண்டார். அந்த மூன்றாவது ஆள் அவருடைய கட்சிக்காரர். "அப்ப ஏதோ இருக்கு" என்று பேச்சு கிளம்பி, பொழுது விடிவதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் அந்தக் கட்சிக்காரர் வந்து, தன் வழக்குக் கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே மௌனம். பார்த்தே இராத ஆளைப் பற்றிக் கேட்டாலும் "என்கிட்ட கேக்காதீங்க" என்பதுதான் பதில். தெரியாது என்று சொல்ல மாட்டார். தெரிந்திருக்கும்போது அது பொய்யாகிவிடும். சொந்தக்காரர்கள் வழக்கையும் தொடுவதில்லை. ஒன்றுவிட்ட சித்தப்பாவின் வாடகைத் தகராறைத் திருப்பியனுப்பியதில், அவர் ஐந்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 'கல்லுளிமங்கி' என்று பெயர் வைத்தது கூடப்பிறந்த அண்ணன்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணி தன் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் படத்தை நீட்டினார். "முதல் கல்யாணம்தான், பிக்கல் பிடுங்கல் எதுவும் இல்லன்னு அவங்க வீட்டுல சொன்னாங்க. அவளுக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நீ என்ன சொல்ற?"

"என்கிட்ட கேக்காதீங்க அண்ணி."

"உன்கிட்ட போய்க் கேட்டேன் பாரு" என்று அண்ணி படத்தை உறைக்குள் வைத்துக்கொண்டார்.

நமக்குள் இருக்கட்டும், இதைச் சொல்வது நான்தான், அவர் அல்ல. அந்த மாப்பிள்ளை மூன்று வருஷத்துக்கு முன் வக்கீலம்மாவின் எதிரே உட்கார்ந்து அழுதவர். நாலே மாதம் நீடித்த கல்யாணம். இருவரும் சம்மதித்துப் பிரிந்தார்கள். கோர்ட்டுக்கு மனு எழுதிக் கொடுத்தது இவர்தான். கெட்டவர் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, போகும்போது டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்த ஆள். அந்த நல்லதையும் இவர் வெளியே சொல்ல முடியாது.

அண்ணன் மகள் என்றால் வக்கீலம்மாவுக்கு உயிர். சைக்கிள் பழக்கிவிட்டது இவர்தான்; கணக்கில் கோட்டை விட்டபோது அண்ணனிடமிருந்து மறைத்ததும் இவர்தான். 'நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள்' என்று அந்த மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமென்று ஒருநாள் போனைக் கையில் எடுத்தார். எண் அவருடைய பழைய வழக்குக் கட்டில் இருந்தது. கட்டில் இருக்கும் எண் கட்சிக்காரரின் வேலைக்கு, தன் வீட்டு வேலைக்கு அல்ல. போனை வைத்துவிட்டார். விதி எழுதியவர்கள் யாருக்கும் அண்ணன் மகள் இருந்திருக்க மாட்டாள் என்று முதல்முறையாக அந்தப் புத்தகத்தின்மேல் எரிச்சல் வந்தது.

போன வாரம் அவளே அலுவலகத்துக்கு வந்து, கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அத்தை, எங்க அத்தை வக்கீல்னு அவர்கிட்ட உங்க பேரச் சொன்னேன். அதுலேருந்து ஆளே சரியில்ல. இதப் பாருங்க." போனைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். அவள் பத்து வரி அனுப்பியிருந்தாள். அவரிடமிருந்து வந்திருந்ததெல்லாம் 'ம்', 'சரி', 'அப்புறம் பேசலாம்'. "உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"என்கிட்ட கேக்காதம்மா."

"எல்லாரப் பத்திக் கேட்டாலும் இதையேதான் சொல்றீங்க. உங்க மூஞ்சியப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல."

இத்தனை வருஷமாகத் தான் கட்டிய சுவர் எவ்வளவு கச்சிதமாக நிற்கிறதென்று அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. தனக்கென்று அதில் ஒரு சந்துகூட வைத்துக்கொள்ளவில்லை.

"நீங்க வாயே திறக்க வேணாம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வலது கையை மேஜைக்குக் குறுக்கே நீட்டினாள். "ஏதாவது இருக்குன்னா என் கையப் பிடிங்க. ஒண்ணும் இல்லன்னா அப்படியே விட்டுடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பிடித்தால், நம்பி வந்தவரைக் காட்டிக்கொடுத்ததாகும். விட்டால், பெற்ற மகளைப் போன்றவளிடம் பொய் சொன்னதாகும். பக்கத்து அறையில் பல் மருத்துவரின் இயந்திரம் ஓடி நின்றது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

வக்கீலம்மா எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். 'அப்புறம் பேசலாம்' என்ற மாப்பிள்ளையின் பதில் திரையில் தெரியத் திறந்து கிடந்த அவளுடைய போனை எடுத்து, அந்த உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டார்.