காய்ச்சல் விடைபெற்ற மத்தியானம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், கண்ணூறு, பார்வை பார்ப்பது இதெல்லாம் எனக்குக் கொஞ்சமும் ஒத்துவராது. நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். காய்ச்சல் என்று வருகிறவரிடம் இரத்தம் சோதித்தீர்களா என்றுதான் கேட்பேனே தவிர, நூல் கட்டினீர்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கோயிலுக்குப் போவேன், கும்பிடுவேன், அது வேறு கதை. அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன், நீங்கள் சிரித்தாலும் சரி.

என் கணவர் யோகன் உழவு மெஷின் ஓட்டுகிறவர். போன மாரியில் உன்னிச்சைப் பக்கத்து வயல் வட்டையில் நாள் முழுக்கச் சேற்றில் நின்றுவிட்டு வந்தவர் அப்படியே படுத்துவிட்டார். வயல் தண்ணீரில் நின்றவர், எலிக்காய்ச்சலாக இருக்குமோ, டெங்குவாக இருக்குமோ என்று உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். அங்கே வைத்துப் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், பயப்படும்படி ஒன்றும் இல்லை, காய்ச்சலும் தணிந்துவிட்டது, மறுபடி காய்ந்தால் உடனே கொண்டுவாருங்கள் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாளே மறுபடி காய ஆரம்பித்தது. அன்றைக்கென்று பார்த்து, விடியலிலிருந்து விடாத மழை. வந்தாறுமூலையில் எங்கள் வீட்டு ஒழுங்கை முழுக்க, ரோட்டு வரைக்கும், முழங்கால் தண்ணீர். ஆட்டோக்காரரைக் கூப்பிட்டால், "கொஞ்சம் வடியட்டும் அக்கா, உடனே வாறன்" என்கிறார். மத்தியானமாகியும் மழை விடுகிற மாதிரி இல்லை.

என் தங்கை சுபா எங்களோடுதான் இருக்கிறாள், பக்கத்துப் பல்கலைக்கழகக் கெம்பஸில் இந்து நாகரிகம் படிப்பிக்கிறாள். மறுநாள் விரிவுரைக்காக, வேதகாலத்து நோய் தீர்க்கும் பாட்டுகளை முன் அறையில் நடந்து நடந்து சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஆள் இஞ்ச கொதிச்சுப்போய்க் கிடக்காரு, நீ என்னடி பாட்டுப் படிக்காய்?"

"இது காய்ச்சலுக்குரிய பாட்டுத்தான் அக்கா. அந்தக் காலத்தில காய்ச்சலை ஒரு ஆளா வச்சுத்தான் பேசியிருக்காங்க. ஏசுறதில்ல. மருந்தையும் குடுத்து, கும்பிட்டு, மலைக்கு அங்கால உங்கட சனத்துக்கிட்டப் போங்க எண்டு மரியாதையா அனுப்புறது."

"அப்ப அத்தானுக்குப் பக்கத்தில வந்து இருந்து அனுப்பன் பாப்பம்!"

நக்கலாகத்தான் சொன்னேன். ஆனால் அவள் உண்மையாகவே வந்து கட்டிலோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் பயம்தானே, என்ன செய்வது என்று தெரியாத பயம். பாட்டை மெதுவாகச் சொன்னாள், பிறகு அதன் பொருளைத் தமிழில் சொன்னாள். நான் துணியைப் பிழிந்து பிழிந்து அவருடைய நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தேன், போட்ட துணி போட்டவுடனே சுட்டது.

அதுவரை முனகிக்கொண்டிருந்தவர் சட்டென்று அடங்கினார். கண் மூடித்தான் இருந்தது.

"எங்க போறது?" என்றார்.

காய்ச்சல் பிதற்றல் என்றுதான் நினைத்தேன். "நீங்க ஒரு இடமும் போகத் தேவல்ல, பேசாம படுங்க" என்றேன்.

"உங்கட ஆளைப் பத்திக் கேக்கல்ல. என்னைப் போகச் சொன்னீங்களே, நான் எங்க போறது? நீங்க சொன்ன ஊருக்கு எனக்கு இப்ப வழி தெரியா."

நம்பினால் நம்புங்கள், குரல் அவருடையதுதான். ஆனால் கல்யாணம் செய்த நாளிலிருந்து அந்த மனுஷன் என்னை நீங்க என்று சொன்னதே இல்லை, எப்போதும் "புள்ள"தான். இது, நேரங்கெட்ட நேரத்தில் வந்துவிட்ட விருந்தாளி கூச்சப்பட்டுப் பேசுவது மாதிரி இருந்தது. கோபமும் இல்லை, உறுக்கலும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கூடுதல் பயம்.

சுபா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அக்கா, பதில் சொல்லாத" என்று காதுக்குள் சொன்னாள். ஆனால் அவருக்கு மூச்சு இளைக்கிறது, உதடு காய்ந்து வெடித்திருக்கிறது, நான் எப்படிப் பேசாமல் இருப்பேன்?

"எங்கயெண்டாலும் போங்க! இந்த மனுசனை விட்டுட்டுப் போங்க!" என்று கத்தினேன்.

கத்தினபடியே துணியைப் பிழிந்து மறுபடி நெற்றியில் போட்டேன்.

"சரி அப்ப" என்றார். "போயிட்டு வாறன்."

அவ்வளவுதான். குப்பென்று வியர்த்தது பாருங்கள், தலையணை, விரிப்பு எல்லாம் நனைந்துவிட்டது. உடம்பு குளிர்ந்தது. எனக்கு நம்பிக்கை வராமல் காய்ச்சல் பார்க்கிற கருவியை உதறி உதறித் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. அவர் கண்ணைத் திறந்து, "புள்ள, கஞ்சி இருக்கா?" என்றார். பேசியது ஒன்றும் அவருக்கு ஞாபகமில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சில காய்ச்சல் இப்படித்தான் ஒரேயடியாக இறங்கும், கூடினால் ஆள் பிதற்றுவதும் உண்டு என்றார் டொக்டர். கடையில் நானும் சனங்களுக்கு அதைத்தானே சொல்கிறேன். சரியென்று விட்டுவிட்டேன். சுபா அந்தப் பாட்டை மட்டும் விட்டுவிட்டு விரிவுரையை முடித்தாள்.

நெடுநாளைக்குப் பிறகு, மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவளாகக் கேட்டாள்.

"அக்கா, அண்டைக்கு அது போயிட்டு வாறன் எண்டு சொன்னதுக்கு, ஏன் அப்பிடிச் சொன்னாய்?"

"நான் ஒண்டும் சொல்லல்லையே."

"சொன்னாய்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வாசல்ல நிண்டு ஆக்களை அனுப்புற மாதிரி, ஓம், போயிட்டு வாங்க எண்டு சொன்னாய்."

எனக்கு இன்றுவரை அது ஞாபகத்தில் இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். யார் வெளிக்கிட்டுப் போனாலும் என் வாயில் வருகிற சொல் அதுதான், திரும்பி வரச் சொல்கிற சொல்.

இந்த வருஷ மாரியும் பிடித்துவிட்டது. இன்றைக்குக் காலையில் யோகன் உழவுக்குப் புறப்பட்டு, வாசலில் திரும்பி நின்று, "போயிட்டு வாறன் புள்ள" என்றார். என் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றும் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை.