கணக்கில் சேராத மோட்டார்கள்

மாலை நான்கு இருபதுக்கு ஓசூருக்கு வரும் இரண்டு மின்பாதைகளில் ஒன்று தானாகத் துண்டித்துக்கொண்டு விழுந்தது. மற்றது தாங்கும் என்று எங்கள் கணினி சொல்லியிருந்தது. ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஊரே அணைந்தது.

மின்பாதைகளைக் கணினியில் அமைத்து, ஒன்று போனால் மற்றதில் எவ்வளவு சுமை ஏறும் என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பது என் வேலை. திரையில் பம்ப்செட்டுகள் முறை வைத்து ஓடின. ஊரைச் சுற்றியுள்ள தொரப்பள்ளிப் பக்கத்துக் கிராமங்களில் அப்படி யாரும் ஓட்டுவதில்லை. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாததால் மோட்டாரைத் தானாகக் கிளம்பும் ஆட்டோ ஸ்விட்சில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வந்த நொடியில் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். இதைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி அலுத்துவிட்டேன். “எல்லா மோட்டாரும் ஒண்ணா கிளம்ப அது என்ன ஊர்வலமாய்யா?” என்று சென்னையில் மேலதிகாரி சிரித்தார்.

அன்று என் மகள் இளைப்போடு ஊருக்குள் ஒரு சிறிய மருத்துவமனையில் இருந்தாள். மருந்தைப் புகையாக்கி மூச்சில் செலுத்தும் மெஷின் கரண்டில்தான் ஓடும். அங்கே ஜெனரேட்டர் பழுது என்று காலையிலேயே மனைவி சொல்லியிருந்தாள்.

துணைமின் நிலையத்தில் பாதையில் மறுபடி கரண்ட் கொடுத்தோம். மோட்டார்கள் இழுத்தன, விழுந்தது. இன்னொரு முறையும் அதே கதை. சென்னைக்குப் போன் போட்டேன்.

“கிராமத்து லைனைக் கழட்டிட்டு டவுனுக்கு மட்டும் மொதல்ல குடுக்கறேன் சார்.”

“கணக்குப்படி மொத்தமும் தாங்கும். போடுய்யா.”

“சார், என் பொண்ணு ஆஸ்பத்திரில...”

“எல்லாருக்கும் பொண்ணு இருக்கு.”

வைத்துவிட்டார். மனைவியின் போன் அணைந்திருந்தது. மருத்துவமனையில் யாரும் போனை எடுக்கவில்லை. இன்றும் விளக்கு ஒருமுறை துடித்தால் எழுந்துபோய் மகளின் அறை வாசலில் நிற்கிறேன். அன்று ஆரம்பித்த பழக்கம். அந்த மாலை, கடைசியில் யாரையும் கேட்காமல் கிராமத்து லைன்களைக் கழற்றச் சொன்னேன். டவுனுக்கு மட்டும் கொடுத்தோம். இம்முறை பாதை தாங்கியது. மருத்துவமனைக்கு மீண்டும் போன் போட்டேன். “அவங்க அப்பவே கெளம்பிட்டாங்க சார்” என்றாள் நர்ஸ். எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை.

இருட்டத் தொடங்கியபோது துணைமின் நிலைய வாசலில் ஒரு வெங்காய வேன் வந்து நின்றது. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவி இறங்கினாள். தொட்டுப் பார்த்தேன். மூச்சு சீராக இருந்தது.

“பக்கத்து பெட்டுக்குத் துணையா இருந்த பாய் ஒருத்தரு, தன் வேன்ல ஏத்தி அத்திப்பள்ளி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. கர்நாடகா பார்டர் தாண்டினா கரண்ட் இருக்குது,” என்றாள். எனக்குப் பின்னால் எரிந்த விளக்குகளைப் பார்த்தாள். “இனிமே இவளுக்கு இளைச்சா ஒங்க கரண்டுக்குக் காத்திருக்க மாட்டேன். நேரா பார்டர்தான்.”