கூடத்துக் கொக்கி

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு கணினி ஏற்பாடு செய்யப்போவதாக என் கணவர் சொன்னபோது மகள் தவழத் தொடங்கியிருந்தாள். பாட்டுகளைக் கணினியில் சேர்த்துவைத்து, ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர். புதுக்கோட்டையில் எங்கள் வீடு ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, அவ்வளவுதான். கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் சமதூரமான அந்த இடத்தில் மட்டும்தான் பாட்டுச் சரியாகக் கேட்கும் என்றார்.

கணினி எங்கே என்று கேட்டேன்.

“பெட்ரூம்ல. அதோட ஃபேன் ஓயாம இரையும். அத வச்சுக்கிட்டு எப்படிப் பாட்டுக் கேக்குறது? செவுத்துல ஓட்டை போட்டு வயர இங்கிட்டு இழுத்துக்கிறேன்.”

“பாப்பா அங்கதானங்க தூங்குறா.”

“தூங்குற புள்ளைக்கு என்ன தெரியப்போகுது?”

“ஒங்க காது தாங்காத சத்தத்த அவ காது தாங்குமா?”

மொச்சை உரித்துக்கொண்டிருந்த மாமியார் சொன்னார்: “எம்மகன் ஒரு பாட்டுக் கேக்கக்கூடாதா? படிச்ச புள்ளையக் கட்டுனா எதுக்கெடுத்தாலும் கேள்விதான்.”

கணினி படுக்கையறைக்கு வந்தது. இரைச்சல் கூடும்போதெல்லாம் தூளிக்குள் மகள் திடுக்கிட்டு அழுதாள். பல் முளைக்கிற தொந்தரவாகவும் இருக்கலாம், நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ என்றும் தோன்றியது. இருந்தாலும் மறுபடி சொன்னேன்.

“அப்ப நீயே வேற எடம் பாத்துக்க,” என்றார்.

பார்த்துக்கொண்டேன். படுக்கையறையை விட்டால் தூளி கட்டக் கொக்கி இருந்தது கூடத்தின் நடுவில்தான். கொக்கி இருக்கிற இடத்தில்தானே கட்ட முடியும். நாற்காலியில் உட்கார்ந்தால் தூளி அவர் தோளில் இடித்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். மகள் பாயில் என்னோடு இருந்தாள். அவர் அசைந்ததில் தூளி ஆடியது. வெறுந்தூளி ஆடினால் பிள்ளைக்கு ஆகாது என்பது மாமியாரின் நம்பிக்கை. துணி மடிக்கையில் என் கை பட்டாலே அதட்டுவார்.

“டேய், வெறுந்தூளிய ஆட்டாத.”

“நான் எங்கம்மா ஆட்டுனேன்? தோள் பட்டுச்சு.”

“அங்கிட்டுத் தள்ளி உக்காரு.”

“தள்ளி ஒக்காந்தா ஒரு பக்கந்தான் கேக்கும்.”

“ஒரு பக்கமே கேளு. எம்பேத்தி நல்லாருக்கணும்.”

என் கணவர் என்னைத்தான் முறைத்தார்.

அன்று மாலையே கணினியைத் தூக்கிவந்து கூடத்தில் பொத்தென்று வைத்தார். “இப்ப நிம்மதிதான ஒனக்கு?”

நான் தூளியை அவிழ்த்துப் படுக்கையறையில் பழைய இடத்தில் கட்டினேன். மகள் சீக்கிரமே தூங்கிவிட்டாள். கூடத்தில் பாட்டுத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில், ஃபேன் இரைச்சலை அமுக்குவதற்காக, சத்தத்தைக் கூட்டினார். பிறகு இன்னும் கூட்டினார். நான் எழுந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.