மணப்பெண்ணைத் தொடக்கூடாத கை

யுத்தம் முடிந்ததும் என் கணவர் காடு மண்டிக் கிடந்த தன் வாப்பாவின் காணியைத் துப்புரவாக்க மன்னாருக்குப் போனார். காணி துப்புரவானது. அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு எனக்குத் தலாக் சொல்லி அனுப்பினார். காட்டோடு காடாக என்னையும் வெட்டி எறிந்துவிட்டார், மகராசன்.

கைக்குழந்தையோடு மதுரங்குளியில் வீட்டு முன்னறையைத் தையல் கடையாக்கினேன். அபாயா தைத்து அலுத்துப்போய், கலியாண உடுப்புகளை நானே வரைந்து தைக்கத் தொடங்கினேன். முத்து கோர்க்கும்போது மகள் தவழ்ந்து வந்து டப்பாவைக் கவிழ்ப்பாள். அவளை ஒரு கையால் பிடித்து மறுகையால் பொறுக்குவேன். புருசன் இல்லாதவளுக்கு இந்தக் கூத்தெல்லாம் எதற்கென்று ஊர் கேட்டது. கேட்ட ஊர் ஒரு பால்மா பெட்டி வாங்கித் தரவில்லை.

எங்கள் பக்கம் உடுப்புத் தைத்தவளே பெண்ணுக்கு உடுத்தியும் விடுவாள். உடுத்தும் இடத்தில் கூடும் பெண்கள் பார்த்தால்தான் அடுத்த ஓடர் வரும். அது வராவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

பக்கத்து ஊரான முந்தலில் இறால் பண்ணை வைத்திருந்த வீட்டம்மா, தன் மகளுக்கு நான் தைத்த கலியாண உடுப்பைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“தங்கச்சி, நீங்க தச்சித் தந்தா போதும். உடுத்துறதுக்கு வேற ஆள் வருது. புருசன் விட்ட ஆள் பொண்ணத் தொட்டா ராசியில்லன்டு மாமிமார் கதைக்கிறாங்க.”

சகுனம் பார்ப்பது ஹராம் என்று ஊருக்கெல்லாம் பயான் சொல்லும் வாய் அது. கழுத்து நிறையத் தங்கம், மண்டை நிறையக் காற்று.

கலியாணத்தன்று காலையில் என்னை அவசரமாகக் கூட்டிவர வான் வண்டி அனுப்பினாள். முதுகில் பொத்தான் தெரியாமல், உள்ளுக்குள் நாடா கோர்த்துக் கட்டும்படி வெட்டியிருந்தேன். அது என் சொந்த யோசனை. உடுத்திவிட வந்தவளுக்கு அது பிடிபடவில்லை. மணப்பெண் அழுதுகொண்டிருந்தாள், மாமிமார் சுற்றி நின்றார்கள்.

இடுப்பிலிருந்த என் பிள்ளையை வீட்டம்மாவின் கையில் கொடுத்தேன்.

“தொடலாமா, ராத்தா?”

“ஐயோ, நேரம் போகுது தங்கச்சி!”

நிதானமாகக் கட்டி முடித்தேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

“ராத்தா, இந்த உடுப்ப முதல்ல உடுத்தது நான்தான். சரியா விழுதான்டு பாக்க, இந்தப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வீடு முழுக்க நடந்தேன்.”

மணப்பெண்தான் முதலில் சிரித்தாள். வீட்டம்மாவின் தங்கச் சங்கிலியை என் மகள் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

வெளியே வரும்போது இரண்டு பேர் பின்னால் வந்து என் ஃபோன் நம்பர் கேட்டார்கள். ராசி பார்த்த மாமிமார்தான்.