நஃபீசா காட்டிய சுவர்

பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை நடுரோட்டில் ஊற்றிவிட்டு நஃபீசா ஓரமாகத் தள்ளி நிற்கிறார். சுற்றி நிற்கும் இருபது பேரும் குனிந்து பார்க்கிறார்கள். தண்ணீர் கொஞ்சம் தயங்கித் தேங்கி, பிறகு கிழக்கே ஓடுகிறது. "பாத்துக்குங்க. கல்லத் தேடாதீங்க, மேட்டத் தேடுங்க. இப்ப நீங்க நிக்கறதே கோட்டைக்கு மேலதானுங்க." கேமராவோடு வந்தவர்கள் எதைப் படமெடுப்பது என்று தெரியாமல் ஈரமான தார்ச்சாலையை எடுத்துக்கொள்கிறார்கள்.

கோயம்புத்தூர் கோட்டைமேட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வாராவாரம் இந்தச் சரித்திர நடை உண்டு. கோட்டை போய் இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. "மைசூர்க்காரங்க வெச்சிருந்தாங்க, அப்பறம் அவிங்களே இடிச்சுப்போட்டாங்க. மேட்டத் தூக்கிட்டுப் போக முடியலீங்க. அதுதான் நமக்கு மிச்சம்" என்று நேற்று நடந்த சங்கதி போலச் சொல்வார்.

வாரத்தின் மற்ற ஆறு நாளும் அவர் குடிநீர் மீட்டர் கணக்கெடுப்பவர். ஐம்பத்து நான்கு வயதில் இருபத்தாறு வருஷம் இதே தெருக்களில் போயிருக்கிறது. கோட்டை அவருக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை, குழாயில் கிடைத்தது. சில வீடுகளில் சிறுவாணித் தண்ணீர் தானாகவே மாடிக்கு ஏறும். மேடான சில சந்துகளில் குடத்தின் கழுத்துக்கு மேல் ஏறாது. ஏறாத வீடுகளையெல்லாம் ஒரு நாள் தெரு வரைபடத்தில் பென்சிலால் குறித்துப் பார்த்தார். புள்ளிகள் சேர்ந்து அவரைக்கொட்டை போல ஒரு வடிவம் வந்தது. அதற்கப்புறம்தான் நூலகத்துக்குப் போனார். அங்கே ஒரு பழைய படத்தில் கோட்டையும் ஏறக்குறைய அதே வடிவில் இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரரின் கையைப் பிடித்து இழுத்து, "ஏனுங்க, இதப் பாருங்க" என்றாராம்.

ஆட்களை அவர் பெயரால் நினைவு வைப்பதில்லை. "அறுபத்தேழு வந்துட்டாருங்களா?" என்று கேட்டால், அறுபத்தேழாம் இணைப்பு வீட்டுக்காரர் கூட்டத்திலிருந்து கையசைப்பார். சொட்டுகிற குழாயைக் கண்டால் சரித்திரம் பாதியில் நின்றுவிடும். போய் அதை இறுக்கி மூடிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்.

மேட்டைக் காட்டினால் கொஞ்ச நேரம்தான் ஜனங்களுக்குத் திருப்தி. தொட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும். நஃபீசாவுக்கும் வேண்டியிருந்தது. மேடு இறங்கி இரண்டு தெரு தள்ளி, ஒரு சந்தின் கடைசியில் கருங்கல் சுவர் ஒன்று நின்றது. இருபதடி நீளம், ஆளுயரத்துக்கு மேல், நடுவில் ஒரு ஓட்டை. முதல் வருஷம், "கோட்டைச் செவுரா இருக்கலாமுங்க" என்றார். இரண்டாம் வருஷம் அந்த "இருக்கலாம்" உதிர்ந்துபோனது. மூன்றாம் வருஷம் ஓட்டைக்குள் விரலை விட்டு, "பீரங்கிக் குண்டு பட்ட எடமுங்க" என்றார். அந்த இடத்தில் எல்லாரும் கொஞ்சம் பேச்சை நிறுத்துவார்கள். அந்த அமைதி அவருக்குப் பிடித்துப்போனது.

பிறகு அந்தச் சந்துக்கு மழைநீர் வடிகால் போட ஏற்பாடானது. சுவரை இடித்தால்தான் வடிகால் போக வழி. வாராவாரம் நடைக்கு வரும் யஷ்வந்த் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன், துடியானவன். "கோட்டையின் கடைசிச் சுவரைக் காப்போம்" என்று இணையத்தில் மனு போட்டான். நாலாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். செய்தித்தாளில் நஃபீசாவின் படம் வந்தது. வேலை நின்றது. படத்தை லேமினேட் செய்து டிவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த மறுநாள், அதே சந்தில் வெங்கடம்மாள் வீட்டுக்கு மீட்டர் பார்க்கப் போனார். வெங்கடம்மாளுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும், தனியாக இருக்கிறவர். மீட்டர் குழி மூழ்கிக் கிடந்தது. வீட்டுக்குள்ளும் கணுக்கால் அளவுக்குச் சாக்கடை கலந்த தண்ணீர். அரிசி மூட்டை கட்டில்மேல் இருந்தது. கட்டிலின் கால்கள் செங்கல்மேல் இருந்தன.

"வடிகால் போட்டிருந்தா ஊட்டுக்குள்ள வந்திருக்காதுங்க அம்மணி" என்றார் வெங்கடம்மாள், குறை சொல்கிற குரலே இல்லாமல். "என்ற மாமனார் கட்டுன செவுரு அது. பருத்திக் குடோனுக்கு. நான் கலியாணமாயி வந்த வருசம், கல்லு தூக்குனவங்களுக்கு நாந்தான் மோர் ஊத்துனேன்."

"அந்த ஓட்டைங்க?"

"வண்டி மாடு கட்டறக்கு வளையம் இருந்துச்சு. அதப் புடுங்குனாங்க, கல்லும் சேந்து பேந்துபோச்சு."

நஃபீசா கணக்கு நோட்டை மூடினார். "ஏனுங்கம்மா, மூணு வருசமா ஆளுகளக் கூட்டிட்டு வாரேன், ஒரு வார்த்த சொல்லலீங்களே?"

வெங்கடம்மாளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "என்ற மாமனாரு கட்டுனத அத்தன பேரு தொட்டுக் கும்பிடாத கொறையாப் பாத்துட்டுப் போனாங்க. கேக்க நல்லாத்தானுங்க இருந்துச்சு."

வெளியே வந்த நஃபீசா வாசல் குழாயைத் திறந்தார். தண்ணீர் பீய்ச்சியடித்துச் சேலையை நனைத்தது. அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான், ஊரிலேயே பள்ளமான இடம், கோட்டை நின்ற மேடே இல்லை. இருபத்தாறு வருஷமாகத் தெரிந்த விஷயம். சுவர் என்று வந்தபோது மட்டும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்துப் பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

மூன்று நாள் டிவி பக்கமே போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முப்பத்து நான்கு பேர் வந்திருந்தார்கள். சுவருக்கு முன்னால் நின்று, நனைந்த கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இது கோட்டைச் செவுரு இல்லீங்க. குடோன் செவுரு. பீரங்கியெல்லாம் நானாச் சொன்னது. தப்புப் பண்ணிப்போட்டேன்."

யாரோ சிரித்தார்கள். யஷ்வந்தின் முகம் சிவந்துவிட்டது. அவரைத் தனியாக அழைத்துப் போய், "அக்கா, நாலாயிரம் பேருங்க. எல்லாரும் என்னத்தான் கேப்பாங்க. நீங்க பேசாம இருந்தாப் போதும், யாரு வந்து தோண்டிப் பாக்கப் போறாங்க?" என்றான்.

"வாங்க தம்பி" என்று நஃபீசா அவனை வெங்கடம்மாள் வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போனார். கட்டில் இன்னும் செங்கல்மேலேதான் இருந்தது. யஷ்வந்த் செருப்பைக் கழற்றப் போய், உள்ளே தரையைப் பார்த்துவிட்டு நின்றான். அன்று மத்தியானமே மனுவைத் திரும்பப் பெற்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. நஃபீசா மாநகராட்சிப் பொறியாளருக்கு, அது குடோன் சுவர்தான் என்று தன் கையெழுத்தில் கடிதம் எழுதி, பணியாளர் எண்ணையும் கீழே போட்டுக் கொடுத்தார்.

தை மாதம் சுவர் போனது, வடிகால் வந்தது. நடைக்கு வருபவர்கள் ஒன்பது பேராகக் குறைந்தார்கள். ஒரு வாரம் நான்கு பேர்தான். அந்த நான்கு பேருக்கும் முழு இரண்டு மணி நேரம் நடந்தார். மார்ச்சில் யஷ்வந்த் திரும்பி வந்தான். கூட்டத்தோடு நடந்தான்.

இப்போதும் அந்தச் சந்தின் கடைசியில் நடை நிற்கிறது. பார்க்க அங்கே சிமெண்டுப் பலகை மூடிய வடிகால்தான் இருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை நஃபீசா கழுத்தில் மாட்டியிருந்த சின்ன ஒலிபெருக்கியைக் கழற்றி வெங்கடம்மாளுக்கு மாட்டிவிட்டார். பருத்தி மூட்டைகள் வந்த கதையையும், மாமனார் கல்லுக்கு அலைந்த கதையையும் வெங்கடம்மாள் வீட்டில் பேசும் தெலுங்கும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் போய் நின்ற நஃபீசா, கேட்க ஏதோ இருந்ததால், பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைத் தூக்கினார்.